புளியறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

1

எனக்கு வயது எழுபத்தேழு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. நாத்தனார் போய்ச் சேர்ந்தபின் அவள் பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். ஐந்தில் ஒன்றுகூட இன்றுவரை யாரிடமும் கை நீட்டி நிற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கீழே என் மகனைப் பற்றிக் கசப்பாக எழுதப் போகிறேன். வளர்க்கத் தெரியாதவள் குறை சொல்லுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஊர் ஆண்டு மலரில் வெளிநாட்டிலிருந்து எழுதச் சொல்லி வருஷா வருஷம் கேட்கிறீர்கள். போன வருஷங்களில் என் பெயரில் வந்ததெல்லாம் என் மகன் எழுதியது. பனி கொட்டுவதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று அதில் இருந்ததாம். நான் இங்கே பனியைப் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்குக் கரண்டு போய், குழாயில் தண்ணீர் உறைந்து, மூன்று போர்வைக்குள் கிடந்தேன். மகிழவில்லை. இந்த வருஷம் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

2

என் மகன் முத்துக்குமாரின் வேலையைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். ராக்கெட் விடுகிறான் என்று சிலர். நிலாவுக்குப் போகப் போகிறான் என்றுகூடக் கேள்விப்பட்டேன். அவன் ராக்கெட் விடவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், பூமியில் கனம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கிறான். கூட வேலை செய்கிறவர்களுக்கு முத்து என்று வாய் வராது. மத்து என்று கூப்பிடுகிறார்கள். மோர் கடைகிற மத்து. அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

வேலை இதுதான். வானத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கீழே கனமான இடம் வந்தால், அது மலையாக இருக்கலாம், பனிப்பாறையாக இருக்கலாம், மண்ணுக்கு அடியில் கிடக்கிற தண்ணீராகவும் இருக்கலாம், அந்தக் கனம் முன்னால் போவதை முதலில் இழுக்கிறது. அது கொஞ்சம் முந்துகிறது. இடைவெளி கூடுகிறது. பின்னால் வருவதும் அந்த இடத்தை நெருங்கியதும் இழுபட்டு வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த இடைவெளி கூடுவதையும் குறைவதையும் தலைமுடியை விடச் சன்னமாக அளக்கிறார்கள். மாதாமாதம் அளந்து பார்த்தால், போன மாதம் இங்கே இருந்த கனம் இந்த மாதம் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். மழை பெய்தால் ஒரு தேசம் கனக்கும், கோடையில் இளைக்கும். வடதுருவத்துப் பனி உருகிக் கடலுக்குப் போகும். மோட்டார் போட்டு இறைத்த தண்ணீரும் கடைசியில் கடலில்தான் போய்ச் சேரும்.

நான் வந்த புதிதில் அவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு எலுமிச்சம் பழத்தை உருட்டி இதை விளக்கினான். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஏலே, இது தண்ணி காட்டப் போற மாடு மாதிரில்லா இருக்கு. குளத்து வாடை அடிச்சதும் முன்னால போற மாடு எட்டி நடக்கும். பின்னால வாரது பொறவு ஓடி வந்து சேந்துக்கிடும்.”

அவன் பழத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “நான் அஞ்சு வருசம் படிச்சத நீ ரெண்டு மாட்டுல முடிச்சிட்டியேம்மா.”

அதற்குப் பிறகு புதிதாக வருகிற மாணவர்களுக்கு அவன் மாட்டிலிருந்துதான் பாடம் தொடங்குகிறானாம். என் அம்மா சொன்னது என்று சொல்லுகிறானாம். பெற்றவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். நான் ஏமாந்தது அந்தப் பெருமையில்தான்.

3

இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் பெயர் ஆவுடையம்மாள். ஊரில் அது போதுமானதாக இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்ததால், இங்கே அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், என், யூ என்று மூன்று எழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த மூன்று எழுத்துக்கு முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதுவே கிரீன் கார்டு அட்டையில் ஏறி, பாங்கியில் ஏறி, ஆஸ்பத்திரியிலும் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு “ஃப்னு, ஃப்னு” என்று கூப்பிடுவாள். முதல் தடவை யாரோ சீனாக்காரியைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அரை மணி நேரம் கழிந்து மருமகள் வந்து, “அத்தை, அது உங்களத்தான்” என்றாள்.

ரேகை எடுக்கிற இடத்திலும் இதே மாதிரிதான். களை பறித்தும் புல் அறுத்தும் தேய்ந்த விரல். மிஷினில் விழவில்லை. அங்கே இருந்த பெண் என் விரலைத் துடைத்துத் துடைத்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு எங்கேயோ போய் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் அமுக்கினார். உழைத்த கைக்கு இங்கே அடையாளம் இல்லை என்று மகனிடம் சொன்னேன். அவன் அதை அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லவில்லை.

காலையில் எல்லோரும் போய்விடுவார்கள். நான் பாத்திரத்தை மிஷினில் அடுக்குவேன், துணியை இன்னொரு மிஷினில் போடுவேன். பிறகு போனில் குற்றாலத்து அருவியைப் பார்ப்பேன். அருவி மேல் ஆசை ஒன்றும் இல்லை. எங்களுக்குக் குற்றாலம் என்றால் சனக்கூட்டம், எண்ணெய்ப் பிசுக்கு, கார் நகராத ரோடு. ஆனால் ஐந்தருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் மலையில் நல்ல மழை என்று அர்த்தம். அது தெரிந்தால் போதும்.

பேத்தி மீராவுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். என்னிடம் தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பாள். “ஆச்சி, நீங்க சொல்றது எனக்கு அண்டர்ஸ்டாண்ட் ஆகுது, பட் பதில் சொல்லத்தான் தெரியல” என்பாள். பரவாயில்லை. இவள் அப்பனுக்குப் பதில் சொல்லத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டான்.

4

சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. என் பெயரில் இருக்கிற ஒரே சொத்து. நடுவில் ஒரு கிணறு. வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம் கிணறு வற்றியது. நான்தான் ஆள் வைத்து, வெடி வைத்து, இன்னும் ஆழப்படுத்தினேன். மேலிருந்து எண்ணினால் முப்பத்திரண்டு படிக்கல். எண் குறையக் குறையத் தண்ணீர் மேலே. தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் போகத்தில் நெல்லா, உளுந்தா, சூரியகாந்தியா என்று முடிவு செய்வோம். பூ விரிந்துவிட்டால் மலையாளத்துக்காரர்கள் காரில் வந்து உள்ளே இறங்கிப் படம் எடுப்பார்கள். அவர்களை விரட்டுவது தனி வேலை.

இப்போது நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பது மாடத்தி. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும். அந்த நேரம் அவளைக் கூப்பிட்டுப் படி கேட்பேன். பதினொன்று என்பாள், பதினாலு என்பாள். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வருஷம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்தால் இங்கே திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் ஆபீசர் கேள்வி கேட்பார். அதனால் ஒன்றிரண்டு மாதம் இருந்துவிட்டு வருவேன். இப்போது அதுவும் இல்லை. மூன்று வருஷமாக அவன் டிக்கெட் போடவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இந்தியா மேப்பு. கட்டம் கட்டமாக நிறம். நீலமாக இருந்தால் கனம் கூடுகிறது, சிவப்பாக இருந்தால் குறைகிறது. கீழே தென்கோடியில் விரலை வைத்தான். அந்த இடம் வெளிறிய சிவப்பு.

“இதுதாம்மா நம்ம நெலம். அடித்தண்ணி வருசத்துக்கு வருசம் இறங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அந்தக் கெணறு வெறும் குழி. இப்பவே கொடுத்துருவோம். கேக்கதுக்கு ஆள் இருக்கு.”

“மாடத்தி பதினோராம் படில தண்ணி நிக்கின்னு சொன்னாளேல.”

“அது மேல் தண்ணி. கெணத்த எட்டிப் பாத்தா அதுதான் தெரியும். சேட்டிலைட் பாக்கது அடிமட்டத்த.”

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடத்தியைக் கூப்பிட்டு ஏசினேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். “குத்தகை போயிருமேன்னு பொய் சொல்லுதியா ஏட்டி? எம்மவன் வானத்துல இருந்து பாத்துச் சொல்லுதான். ஒனக்கு என்ன தெரியும்?” என்றேன். முப்பது வருஷம் என்னோடு ஒரே வரப்பில் நடந்தவள். “சரி ஆச்சி” என்று வைத்துவிட்டாள்.

ஆனி மாதம் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போனோம். மூன்று மணி நேரக் கார் தூரம். நிலத்தை விற்க மகனுக்குப் பவர் கொடுக்கிற பத்திரம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். படித்துப் பார்த்தீர்களா, சம்மதத்தோடுதான் போடுகிறீர்களா என்று. இந்த ஊரில் கவுண்டருக்குக் கவுண்டர் என்ன கேட்டாலும் யெஸ் சொல்ல என்னைப் பழக்கியிருக்கிறார்கள். யெஸ் என்றேன். ஆவுடையம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதினேன். தண்ணீர் இல்லாத இடத்தைக் கட்டிக்கொண்டு அழுது என்ன பயன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

5

போன மாதம் அவர்கள் பல்கலைக்கழகத்தில் வெளியாட்களை உள்ளே விட்டுக் காட்டுகிற நாள். சனிக்கிழமை. மகன் ஒரு அரங்கில் பேசப் போய்விட்டான். மீராவும் நானும் சுற்றிப் பார்த்தோம். ஒரு மேசையில் பெரிய திரை வைத்து ஒரு பெண் நின்றாள். மார்த்தா என்று பெயர், மகனோடு வேலை செய்கிறவள். நரைத்த முடி, குட்டைக் கை சட்டை. நான் யார் என்று மீரா சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“மாடு சொன்னது நீங்களான்னு கேக்கறாங்க ஆச்சி. ஷி லவ்ஸ் த மாடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் திரையைப் பார்த்தேன். அதே மேப்பு.

“எங்க ஊரு எங்கன இருக்குன்னு கேளு.”

மார்த்தா விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். தென்கோடி வந்தது. மங்கலாக, ஓரம் கரைந்த மாதிரி ஒரு நிறம். தென்காசியும் இல்லை, குற்றாலமும் இல்லை. ஊர் என்று ஒன்றுமே அதில் தெரியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் வருகிற சந்தேகம்தான்.

“இது புளியறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு கேளு.”

“புளியறைன்னா வாட் ஆச்சி?”

“செக்போஸ்ட்டு இருக்கிற ஊருட்டி. அதுக்கு அங்கிட்டுப் போனா மலையாளம். அந்தப் பக்கம் ஆடி மாசம் கொட்டு கொட்டுன்னு கொட்டும். லாரிக்காரன் வைப்பரப் போட்டுக்கிட்டு வருவான். மலை தாண்டி இந்தப் பக்கம் எறங்குனா வெறுஞ்சாரல்தான். கெழக்க வர வர அதுவும் கெடையாது. எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகைலதான். அப்ப ரெண்டையும் ஒரே நெறத்துல போட்டா எப்படி? இது எந்தப் பக்கத்து நெறம்?”

மீரா திக்கித் திக்கிச் சொன்னாள். கையை மலை மாதிரி வைத்துக் காட்டினாள். மார்த்தா கேட்டு முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். அவளும் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு பேனாவை எடுத்துத் தாளில் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் மலை, மலைக்கு இரண்டு பக்கமும் நிலம், இரண்டு ஓரத்திலும் கடல்.

“ரெண்டு பக்கமும் சேந்துதானாம் ஆச்சி. சேட்டிலைட் ரொம்ப மேல இருந்து பாக்கறதால சின்ன இடத்தத் தனியா பாக்க முடியாதாம். இந்த சைடு கடல், அந்த சைடு கடல், நடுவுல மலை, எல்லாம் ஒரே வெயிட்டா வருமாம். இன்னிக்கு இதான் பெஸ்ட் கொஸ்டினாம்.”

கொல்லத்துக் கடலும் தூத்துக்குடிக் கடலும் என் மூன்று ஏக்கரும் ஒரே வட்டத்தில்.

“ஒரே ஒரு கெணறு. அதுல தண்ணி இருக்கா இல்லையான்னு இது சொல்லுமான்னு கேளு.”

மார்த்தா தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தாள். கேலியான சிரிப்பு இல்லை.

“நோவாம். கிணத்துக்குத் தண்ணி இருக்கான்னு தெரியணும்னா கிணத்துகிட்டப் போய்ப் பாக்கணுமாம்.” மீரா கொஞ்சம் நிறுத்திவிட்டு, மார்த்தா பின்னும் சொன்னதைச் சொன்னாள். “அப்பாதான் இத எல்லாருக்கும் சொல்லித் தருவாங்களாம். மேப்புல ஒரு பாயிண்ட்டத் தொட்டு இது என் ஊருன்னு யாராவது சொன்னா அப்பாவுக்குக் கோவம் வருமாம். இப்ப அந்த ஹால்ல அதத்தான் பேசறாங்களாம்.”

நான் எழுந்தேன். மார்த்தாவுக்குக் கும்பிடு போட்டேன். அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

6

காரில் ஏறியதும் கேட்டேன். மீரா பின்னால் இருந்தாள். இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

“முத்துக்குமாரு, நம்ம கெணத்த அந்த மிஷினு பாத்துச்சால?”

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. “மார்த்தாகிட்டப் பேசுனியா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பொதுவா அந்தப் பக்கம் தண்ணி குறையுதும்மா. அதச் சொன்னேன்.”

“பொதுவாச் சொல்லலியே. வெரல வச்சு, இதுதாம் நம்ம நெலம்னு சொன்ன.”

“வேற எதச் சொல்லியிருந்தாலும் நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்ட.” அவன் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான். “அந்த நெலம் இருக்க வரைக்கும் போறேன் போறேன்னுதான் நிப்ப. அங்கன யாரு இருக்கா ஒனக்கு? ராத்திரி விழுந்தா யாரு தூக்குவா? நான் டிக்கெட் எடுத்து வந்து சேர ரெண்டு நாள் ஆகும்.”

“இங்கன விழுந்தா?”

“இங்க கூப்பிட்டா அஞ்சு நிமிசத்துல ஆம்புலன்ஸு வரும்.”

“வரும். எம்பேரு தெரியாத ஆம்புலன்ஸு.”

மீரா பின்னால் இருந்து, “அப்பா, நீங்க ஆச்சிகிட்ட லை பண்ணீங்களா?” என்றாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.

அவனுக்குப் பயம். அது எனக்கும் விளங்குகிறது. அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது, நிலத்தைக் கொடுத்துவிடு, என்னோடு இரு என்று அவன் என் மடியில் தலை வைத்துக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். உண்மையாகவே கொடுத்திருப்பேன். ஐந்து பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு கிணறு பெரிதா. அவன் கேட்கவில்லை. நான் எதைப் பார்த்துப் பூரித்தேனோ அதையே கொண்டுவந்து என் கண்ணில் குத்தினான். படிக்காதவள்தானே என்று நினைத்தான். பிறத்தியாருக்கு எது தப்பு என்று மேடை ஏறிச் சொல்லுகிறானோ, அதைத் தன் தாயிடம் செய்தான்.

கனம் இடம்தான் மாறும், மொத்தத்தில் குறையாது என்று எனக்குப் பாடம் சொன்னவன் அவன். தாய்க்குப் பிள்ளை மேல் இருக்கிற நம்பிக்கைக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. போன நம்பிக்கை வேறு எங்கேயும் போய்ச் சேரவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை மாடத்தியைக் கூப்பிட்டேன். நான் யாரிடமும் தப்பு என்று சொல்லிப் பழகாதவள். மூன்று தடவை எண்ணை அமுக்கி மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நாலாவது தடவை மணி அடிக்கும் முன்பே எடுத்தாள்.

“என்ன ஆச்சி, விட்டு விட்டு அடிக்கிய? கரண்டு போச்சா அங்கயும்?”

“மாடத்தி, அன்னைக்கு ஒன்ன ஏசிட்டேன். எம்மேலதான் தப்பு. மிஷினுக்குக் கெணறு தெரியாதாம்.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா.”

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னாக் கேக்குத நெலமைலயா இருந்திய? ஒங்க மவன் வானத்துல நின்னு பாத்தாவ. நான் கெணத்துல நின்னு பாத்தேன். அவுஹ படிச்சவுஹ, ஒசரம் அதிகம். விடுங்க.” அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “ஆச்சி, போன வாரம் அளக்க வந்தாவ. நாலு மூலையிலயும் கல்லு நட்டுட்டுப் போயிருக்காவ. தை பொறந்ததும் மவன் வந்து முடிச்சுக் குடுப்பாருன்னாவ. உளுந்து வெதைக்கணும். வெதைக்கவா, வேண்டாமா?”

தண்ணீர் எத்தனையாவது படி என்று கேட்டேன்.

“ஒம்பது. நேத்து நல்ல மழை.”

“வெத” என்றேன்.

8

அதனால் ஊர் அறியச் சொல்லுகிறேன். இந்த மலர் தென்காசியிலும் கடையநல்லூரிலும் துபாயிலும் படிக்கப்படும் என்று தெரியும். சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே, கிணறும் அதன் தண்ணீர் பாத்தியமும் சேர்ந்த என் மூன்று ஏக்கர் நிலத்தை விற்க என் மகன் முத்துக்குமாருக்கு நான் கொடுத்த பவரை ரத்து செய்கிறேன். அது பொய்யைக் காட்டி வாங்கிய கையெழுத்து. வாங்க நினைத்திருப்பவர்கள் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாடத்தி உளுந்து விதைத்திருக்கிறாள். யாரும் மிதிக்க வேண்டாம்.

வெறுமனே எழுதினால் போதாது, ரத்துப் பத்திரம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தூதரக அலுவலகத்தில் வருகிற வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மீரா போனில் நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதில் முதல் பெயர் கேட்டதாம். கட்டத்தில் ஆவுடையம்மாள் என்றே போடு என்றேன். மூன்று மணி நேரக் கார் தூரம். இந்த வீட்டில் வியாழக்கிழமை கார் ஓட்டக்கூடியவன் ஒருவன்தான். மருமகளுக்கு அன்றைக்கு வேலை. பஸ் இருக்கிறது என்கிறார்கள். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவன் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றால் கேட்டுக் கேட்டுப் போவேன்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நேரே சொன்னால் பேச்சை மாற்றுவான், பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்பான். அவன் படித்தவன், எழுதிய எழுத்துக்கு மரியாதை கொடுப்பான். இப்போது வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் ஐந்து மணி.

ஏட்டி மீரா, இங்கன வா. இந்தத் தாளைப் பிடி. அப்பாவுக்கு எதுத்த நாற்காலியில உக்காரு. முதல் பக்கத்துல இருந்து சத்தமா வாசி. எழுத்துக் கூட்டி வாசிச்சாலும் போதும், நேரம் கெடக்கு. தப்பா எழுதியிருந்தா எழுதுன மாதிரியே வாசி, திருத்தாத. அப்பா எந்திச்சுப் போனாலும் நிறுத்தாத.